கைமாறின புள்ளி

அந்த நீலப் புள்ளி நீங்களா தம்பி? இல்ல, உத்துப் பாக்கல. வெயிலடிக்குதுன்னு போனை இங்கிட்டுச் சாய்ச்சீங்களா, கண்ணுல பட்டுருச்சு. பஸ்ஸு போகப் போக அதுவும் ரோட்டு மேல நகந்துக்கிட்டே போகுதே, அதைத்தேன் கேட்டேன். நானும் புள்ளிதேன். ஆபீஸ்ல பெரிய டிவி கணக்கா ஒண்ணு மாட்டியிருக்காங்களாம், அதுல நான் தெரிவேனாம். ஆனா எம்புள்ளிய நான் ஒரு நாளும் பாத்ததில்ல. செவப்பா பச்சையான்னுகூடத் தெரியாது. 

ரயில்வேதேன். டிராக்மேன். முன்னாடி கேங்மேன்னு சொல்லுவாங்க, பேரை மாத்திப்புட்டாங்க, வேலை அதேதேன். காசிலிங்கம் எம்பேரு. முப்பத்தோரு வருஷம் சர்வீஸு. இன்னிக்கு ரெஸ்ட்டு, அதேன் ஒரு ஆளைப் பாத்து ஒரு கேள்வி கேட்டுட்டு வரலாம்னு கெளம்புனேன். கேக்கல. பாக்கவே இல்ல. திரும்பிப் போயிக்கிட்டிருக்கேன். அந்த ஆளு மேல எனக்கு அம்புட்டுக் கோவம் தம்பி. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, கோவம் வருமா வராதான்னு.

கோடையில தண்டவாளம் சூட்டுல நீளும். நீள எடமில்லைன்னா பக்கத்துல நெளிஞ்சிரும். நெளிஞ்ச தண்டவாளத்துல வண்டி ஏறுனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுனால பங்குனி பாதியிலருந்து ஆனி வரைக்கும், பதினோரு மணிக்கு மேல நாலு மணி வரைக்கும், ஒரு ஆளு பாத்துக்கிட்டே நடக்கணும். வெயில் ரோந்துன்னு பேரு. கையில செவப்புக் கொடி, பச்சைக் கொடி. பையில நாலஞ்சு வெடி, தண்டவாளத்து மேல வச்சா வண்டி ஏறயில வெடிக்கும், டிரைவர் நிப்பாட்டிருவாரு. ஒரு ஸ்பானரு, ஒரு தண்ணிக் கேனு. போக அஞ்சு கிலோமீட்டர், வர அஞ்சு. வழியில பேச்சுத் துணைக்குக் கருவேல மரந்தேன். 

எங்க எல்லை எழுவத்தெட்டாவது கிலோமீட்டர் கல்லு. அதுக்கு அங்கிட்டு வேற செக்ஷனு, வேற இன்ஸ்பெக்டரு, வேற ஆபீஸு. அந்தப் பக்கத்து ஆளு அங்கிட்டுருந்து நடந்து கல்லுக்கு வருவான். நான் இங்கிட்டுருந்து போவேன். அவந்தேன் சவரிநாயகம். பதினோரு கோடை அந்தக் கல்லுல பாத்திருக்கேன் அவனை.

சும்மா பாக்குறது இல்ல தம்பி, அதுல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஆளுக்கொரு ரோந்துப் பொஸ்தகம். கல்லுல வந்து எம்பொஸ்தகத்தை அவங்கிட்டக் குடுக்கணும், அவன் பொஸ்தகத்தை நான் வாங்கிக்கணும். வாங்குனதைக் கொண்டு போயி நம்ம பக்கத்து ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்கணும், மறுநா திருப்பிக் குடுக்கணும். அவன் பொஸ்தகம் எங்கையில இருந்தாத்தேன் நான் எல்லை வரைக்கும் நடந்தேன்னு அர்த்தம். பாதியில படுத்துத் தூங்கிட்டு வந்தேன்னா மாட்டிக்கிருவேன். ரொம்பப் பழைய ஏற்பாடு. 

மாத்திக்கிற வேலை ஒரு நிமிஷந்தேன். ஆனா அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்தவன் ஒரு நிமிஷத்துலயா திரும்புவான்? கல்லுக்கு அந்தாண்ட ஒரு மதகு. அது நெழல்ல பத்து நிமிஷம் குந்துவோம். பேச்சுப் பூராம் நாந்தேன். அவன் வாயைத் தொறக்க மாட்டான். “ம்”பான். “அப்பிடியா”ம்பான். எம்பொண்டாட்டி பேரப்புள்ளையைப் பாத்துக்கிறேன்னு மகன் கூடத் திருப்பூர் போயிட்டா. ஆறு வருஷமாச்சு, வருவேன் வருவேன்னு சொல்றாளே தவிர வந்தபாடில்ல. அதையெல்லாம் வேற யார்ட்டச் சொல்றது? மேஸ்திரிட்டச் சொன்னா சிரிப்பான். கோட்ரஸ்ல செவுத்துட்டயா சொல்ல முடியும்? அதுக்கு அவன் பரவால்ல, செவுரு “ம்” கொட்டாதுல்ல. 

சிநேகம்னுலாம் நெனைச்சுராதீங்க. அவன் வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவனும் எங்க வீட்டுப் பக்கம் வந்ததில்ல. டூட்டி, அம்புட்டுத்தேன்.

போன கோடைக்கு அந்தப் பெட்டி வந்துச்சு. சோப்புக் கட்டி அளவுதேன் இருக்கும், இடுப்புல மாட்டிக்கிறது. ஒரு பச்சைப் பொத்தான், அமுக்குனா ஆபீஸ்ல பேசலாம். ஒரு செவப்புப் பொத்தான், உசிருக்கு ஆபத்து, இல்லாட்டி தண்டவாளத்துக்கு ஆபத்துன்னா அமுக்கணும். மத்தபடி அதுபாட்டுக்கு நம்ம எங்க நிக்கிறோம் எங்க நடக்குறோம்னு ஆபீஸுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, “இனிமே பொஸ்தகம் வேணாம் காசி, இதுவே சாட்சி”ன்னாரு. “அப்பக் கல்லுல போயி என்ன சார் செய்யிறது?”ன்னேன். “ஒண்ணும் செய்ய வேணாம். கல்லு வரைக்கும் போ, திரும்பு.” 

மொத நா ரெண்டு பேரும் கல்லுக்கு வந்து வெறுங்கையோட நிக்கிறோம். கையை என்ன செய்யிறதுன்னே தெரியல. சரி, குந்துவோம்னு குந்துனா, பெட்டி அடிக்குது. ஆபீஸ்லருந்து ஒரு பொம்பளப் புள்ள. “காசிலிங்கம் சார், ஏன் சார் நின்னுட்டீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” மருவாதையான புள்ளதேன், அதைக் குத்தம் சொல்ல முடியாது. “தண்ணி குடிக்கிறேம்மா.” “நாலு நிமிஷத்துக்கு மேல நின்னா இங்க சத்தம் குடுக்குது சார், கெளம்பிருங்க.” அந்நேரம் சவரி பெட்டியும் அடிக்குது. அவனும் அவங்க ஆபீஸுக்குப் பதில் சொல்றான். எந்திரிச்சு அவனவன் வழியில போயிட்டோம். 

அப்புறம் அவங்க ஆபீஸ்ல நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிட்டாங்க. இனிமே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வரணும்னு அவசியம் இல்லையே. நான் கல்லுக்கு வர்றப்ப அவன் திரும்பிப் போயிக்கிட்டிருப்பான். ரொம்பத் தூரத்துல ஒரு செவப்புத் துண்டு மட்டும் தெரியும். கூப்பிட்டாக் கேக்காது. பச்சைப் பொத்தானை அமுக்குனா அந்தப் புள்ள வருமே ஒழிய அவன் வர மாட்டான். பதினேழு நாளு அந்தத் துண்டைப் பாத்துட்டுத் திரும்புனேன். பதினேழுன்னு எப்பிடித் தெரியும்னு கேக்குறீங்களா? வேற என்ன வேலை, எண்ணிக்கிட்டுத்தேன் நடப்பேன்.

பதினெட்டாவது நா கொஞ்சம் வெரசா நடந்துட்டேன். வேணும்னு இல்ல, கால் நல்லாருந்துச்சு. கல்லுல அவன் இன்னும் திரும்பல. என்னையப் பாத்ததும் நின்னான். எனக்குப் பேச்சு மூட்டை மூட்டையா இருந்துச்சு, ஒண்ணும் வரல. அப்ப என்ன ஆச்சு, கை பழக்கம் பாருங்க, இடுப்புலருந்து பெட்டியக் கழட்டி ஆளுக்காளு மாத்திக்கிட்டோம். பொஸ்தகத்தை மாத்துற மாதிரியே. பதினோரு வருஷப் பழக்கம் தம்பி, கையி தானாச் செய்யுது. அவந்தேன் மொதல்ல நீட்டுனான். திரும்பி ஒரு கிலோமீட்டர் நடந்தப்புறம்தேன் பெட்டி அடிச்சு, ஒரு ஆம்பளக் குரலு “யோவ் சவரி, எல்லை தாண்டி எங்கய்யா போற?”ங்குது. அப்பத்தேன் பொறி தட்டுச்சு. நான் குரலை அடக்கி, “எல்லையிலதேன் சார் நிக்கிறேன்”னேன். அவன் பேசுற மாதிரியே கம்மியாப் பேசுனேன். “பெட்டி தப்பாக் காட்டுது போல”ன்னு வச்சுட்டாரு. புதுசுல்ல, எல்லாத்துக்கும் பெட்டியத்தேன் சொல்லுவாங்க.

மறுநா கொண்டு போயிக் குடுத்தா முடிஞ்சுச்சு. போனேன். சவரி கல்லுல எனக்காக நிக்கிறான்! எம்பெட்டி அவங்கிட்டல்ல இருக்கு, நின்னுதேன் ஆகணும். அன்னிக்குத் தம்பி, பத்து நிமிஷம் குந்திப் பேசுனோம். ஆபீஸு கேட்டதுக்கு “பெட்டி சரியில்ல சார்”னு சொன்னேன். எந்திரிக்கயில எம்பெட்டிய எங்கிட்ட நீட்டுறான். நான் வாங்கல. “இது உங்கிட்டயே இருக்கட்டும்”னேன். என்னையப் பாத்தான். “தப்புல்ல காசியண்ணே”ன்னான். அவனா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னது அதுதேன். “நாளைக்குத் தாரேன், என்ன இப்ப?”ன்னேன். மறுநாளும் அதையேதேன் சொன்னேன். பெட்டி மாறிக் கெடந்தா அவன் நின்னுதேன் ஆகணும், பாருங்க. அஞ்சு நா அப்பிடி ஓடுச்சு. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? நடக்குற நடை நடந்துக்கிட்டுத்தேன இருந்தோம்.

ஆறாம் நா மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். சவரி அவன் பக்கத்துல, எம்பத்தோராவது கிலோமீட்டர்ட்ட, தண்டவாளம் நெளிஞ்சு கெடக்குறதைப் பாத்துட்டான். பாம்பு படுத்த மாதிரி இருந்துச்சாம். பாசஞ்சர் வர்ற நேரம். வெடிய வச்சான், செவப்புக் கொடியத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்புல ஓடுனான், ஓடிக்கிட்டே செவப்புப் பொத்தானை அமுக்குனான். அது எம்பெட்டி. சத்தம் எங்க ஆபீஸ்ல கேட்டுருக்கு. “காசிலிங்கம், ஆபத்து.” புள்ளி அங்கிட்டு எம்பத்தொண்ணுல காட்டுது, அவங்கதேன் அஞ்சு நாளா பெட்டி தப்பாக் காட்டுதுன்னு எழுதி வச்சிருக்காங்களே. காசி வேற எங்க இருப்பான், அவன் எடத்துலதேன் இருப்பான்னு, இன்ஸ்பெக்டர் நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு டிராலியில எங்க பக்கம் வந்துட்டாரு. நான் கருவேல மரத்தடியில குந்தி வெள்ளரிக்காய் தின்னுக்கிட்டிருக்கேன். “என்னய்யா ஆச்சு உனக்கு?”ங்குறாரு. “எனக்கு என்ன சார், நல்லாத்தேன் இருக்கேன்”ங்குறேன். 

அங்க சவரி தனியாளா வண்டிய நிப்பாட்டிட்டான். ஒரு உசிருக்கும் சேதமில்ல. ஆனா ஒதவிக்கு ஆளு போய்ச் சேர முக்காமணி நேரம் ஆயிப்போச்சு. அம்புட்டு நேரம் அந்தக் கொதிக்கிற வெயில்ல வண்டிக்கு முன்னாடி கொடியப் பிடிச்சுக்கிட்டு ஒத்தையா நின்னிருக்கான். வேற யாராவதுன்னா மாலை போட்டு சர்ட்டிபிகேட்டுக் குடுத்திருப்பாங்க. இவன் இடுப்புல எம்பெட்டி இருந்துச்சு, விசாரணை வச்சுட்டாங்க. 

தனித்தனியாக் கூப்பிட்டு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. நான் நடந்ததை எழுதுனேன். “அவர் கையை நீட்டினார், நான் கவனிக்காமல் வாங்கிக்கொண்டேன், திருப்பிக் கேட்டும் தரவில்லை.” இந்தக் கடைசியில உள்ளதை அந்தக் கிளார்க்குதேன் சேத்துக்கச் சொன்னாரு, அப்பத்தேன் பலமா இருக்கும்னு. அவன் என்ன எழுதுனான் தெரியுமா? ஒரே வரி. “தவறு முழுவதும் என்னுடையது.” கீழ கையெழுத்து. 

எனக்கு எச்சரிக்கை, அவனுக்கு மாத்தல். கடக்கரைப் பக்கம், எங்க ஊர்லருந்து மூணு மணி நேரம். ஒரு வாரத்துல போயிட்டான். சொல்லிட்டுப் போக எடமேது, கல்லுலதேன் சொல்லணும், அவனை டூட்டிக்கே விடல. 

இதுதேன் தம்பி எங்கோவம். இவனை யாரு அப்பிடி எழுதச் சொன்னா? அவனும் “காசிதேன் செஞ்சான்”னு எழுதியிருந்தா சரிக்குச் சரியாப் போயிருக்கும். ஆளுக்குப் பாதி வாங்கிட்டு அதே கல்லுல நின்னுருப்போம். எல்லாத்தையும் தானே இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, என்னைய ஒண்ணுமில்லாத மனுசனாக்கிட்டுப் போயிட்டான். ஒரு வருஷமா சோறு எறங்கல எனக்கு. நான் நீட்டுனப்பச் சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்பே சரியில்ல, அப்பவே...

என்ன பாக்குறீங்க? 

சரி. நாந்தேன் மொதல்ல நீட்டுனேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. கை பழக்கந்தேன், அது பொய்யில்ல. ஆனா கழட்டி அவங்கையில வச்சப்ப எனக்குத் தெரியும், இது பொஸ்தகம் இல்லன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டான். எம்மேல தப்பு இருக்கட்டும் தம்பி, அதுக்காக அவன் அப்பிடி எழுதுறதா?

இதை மூஞ்சிக்கு நேராக் கேக்கணும்னுதேன் ஆபீஸ்ல விலாசம் வாங்கிக்கிட்டு இன்னிக்கு வந்தேன். ரெண்டரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடிச்சேன். அவன் டூட்டிக்குப் போயிருக்கான். அவன் சம்சாரம் வாசக்கதவைத் தொறந்துச்சு. நான் பேரு சொல்லல தம்பி. வாயே தொறக்கல. அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, “காசியண்ணனா?”ன்னுச்சு. 

“எப்பிடிம்மா தெரியும்?”னேன். “எடது முட்டிய ஊண்டி ஊண்டி வர்றீங்களே அண்ணே. வாங்க. திருப்பூர்லருந்து மதினி வந்தாங்களா? கடவாப்பல்லைப் புடுங்கிட்டீங்களா?” எல்லாம் தெரியுது அதுக்கு. எம்பேரப்புள்ள பேரு தெரியுது. நான் எந்த வருஷம் வேட்டியோட கெணத்துல விழுந்தேன்னு தெரியுது. 

உள்ள ஒரு பொம்பளப் புள்ள குந்தியிருந்துச்சு. பதினஞ்சு வயசு இருக்கும். அம்மாகாரி கையால என்னமோ காட்டுனா. அந்தப் புள்ள எந்திரிச்சு, எடது முட்டியப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு நடந்து காட்டுச்சு. அப்பிடியே நானு. அப்புறம் கன்னத்துல கையை வச்சுப் பல்லுவலியில மூஞ்சியச் சுளிச்சுச்சு. அதுவும் நானு. செஞ்சுட்டு வாய்விட்டுச் சிரிக்குது. 

அதுக்குக் காது கேக்காதாம் தம்பி. பொறந்ததுலருந்தே. பதினோரு வருஷம் அவன் பக்கத்துல குந்தியிருக்கேன், எனக்குத் தெரியாது. அந்தம்மா சொல்லுது, “எங்க வீட்டுல சத்தம் கம்மிண்ணே. அவரு தெனம் வந்து, இன்னிக்குக் காசியண்ணன் என்ன சொன்னாருன்னு இவளுக்குக் கையால நடிச்சுக் காட்டுவாரு. இவ அதுக்காகவே வாசல்ல நிப்பா. இப்பத்தேன் அவருக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. அங்க அவரு எல்லைக்கு எதுத்தாப்புல ஆளு கெடயாது, பாலந்தேன்.” 

பள்ளிக்கூடம் போகலையாம்மான்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு இருந்துச்சு. அங்க இருந்தப்பக் காது கேக்காத புள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஒம்பதாப்பு படிச்சிருக்கு. மாத்தலாகி வந்த ஊர்ல அப்பிடி ஒரு பள்ளிக்கூடம் இல்ல. விடுதியில விட மனசில்லாம வீட்டுலயே வச்சிருக்காங்க. எம்மேல வருத்தமாச் சொல்லல தம்பி அந்தம்மா. வருத்தமாச் சொல்லியிருந்தாத் தாங்கிக்கிருவேன். சொல்லிக்கிட்டே மோரு ஊத்துது. “அவரு ஒங்களைப் பத்தி இப்பவும் ஒரு கொறை சொன்னதில்லண்ணே.” 

அஞ்சு மணிக்கு வந்துருவாரு, இருங்கன்னுச்சு. மணி மூணே முக்காலு. எனக்கு உக்கார முடியல. கடைசி பஸ்ஸு போயிரும்மான்னு பொய் சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். உங்க நம்பரையாச்சும் குடுத்துட்டுப் போங்கண்ணேன்னு அந்தம்மா கேட்டுச்சு, குடுத்தேன். அந்தப் புள்ள தெருமொனை வரைக்கும் கூடவே வந்துச்சு. நான் பேசிக்கிட்டே வந்தேன். காது கேக்காதுன்னு தெரிஞ்சும் பேசிக்கிட்டே வந்தேன். எனக்கு வேற என்ன தெரியும்?

மணி என்ன தம்பி இப்ப? அஞ்சேகாலா. வந்திருப்பான்.

அடிக்குது பாருங்க. புது நம்பரு. கடங்காரக் கம்பெனிக்காரனா இருக்கும். நிக்கட்டும், தானா நின்னுரும். நிக்க மாட்டேங்குதே. நீங்க எடுங்க தம்பி. எடுத்து, அந்தப் பெரியவரு போனை வச்சுட்டு எறங்கிப் போயிட்டாருன்னு சொல்லிருங்க. நீங்க யாருன்னு கேட்டா பக்கத்து சீட்டுன்னு சொல்லுங்க. ஒரு ஒத்தாசை, அம்புட்டுத்தேன். 

என்ன சொல்றாங்க? ஒண்ணும் சொல்லலையா? மூச்சு மட்டும் கேக்குதா? 

அவந்தேன். குடுங்க. குடுங்க தம்பி.

அலோ... ஆமாப்பா, நாந்தேன்... ஆமா வந்திருந்தேன்... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாதேன் வந்தேன். ரெஸ்ட்டு... ம்... மோரு குடிச்சேன், ம்... 

சவரி, வச்சுராத. ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். கேக்கவா? 

உம்மக பேரு என்னப்பா?